மின்கார் விற்பனைக் கட்டாயம்: ஒரு நிறுவனத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் முறை

சட்டம் 22 சதவீதம் என்றது. ஆனால் நூற்றுக்கு ஐந்தரை மின்கார் விற்றாலே அந்தச் சட்டத்தை முழுக்க நிறைவேற்றிவிடலாம். இரண்டுமே உண்மை. கார் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு மின்கார் விற்றே ஆக வேண்டும் என்னும், கலிஃபோர்னியாவின் 2025 மாடல் ஆண்டுக்கான பூஜ்ய உமிழ்வு வாகன விதியைத்தான் சொல்கிறோம். செய்தியில் வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு "ஐந்தில் ஒரு கார் மின்காராகிவிடும்" என்று மகிழ்ந்தவர்களும் சரி, "கார் கம்பெனிகளின் கழுத்தை நெரிக்கிறார்கள்" என்று கொதித்தவர்களும் சரி, கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்தைக் குறைக்க 1990-இல் பிறந்த விதி இது. மக்கள் மூச்சுவிடும் காற்றைப் பற்றியது. அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சரியான எண்ணை வைத்துப் பேச வேண்டும் என்பதற்காக இந்த வழிகாட்டி. கலிஃபோர்னியாவை முதன்மையாகவும் பிரிட்டனை அதற்கு ஒப்பாகவும் எடுத்துக்கொள்கிறோம். இந்த இரண்டும் பிடிபட்டால் கனடாவின் கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்கள், சீனா ஆகிய இடங்களின் விதிகளையும் படித்துவிடலாம்.

கையில் வேண்டியவை

விதியின் மூல வாசகம் வேண்டும். பத்திரிகைக் குறிப்போ சுருக்கமோ உதவாது. கலிஃபோர்னியா விதித்தொகுப்பில் 13-ஆம் தலைப்பின் கீழ் வரும் 1962.2 பிரிவு 2018 முதல் 2025 வரையிலான மாடல் ஆண்டுகளுக்கு. 2026-இல் தொடங்கும் ஆண்டுகளுக்கு 1962.4. பிரிட்டனுக்கு 2023-ஆம் ஆண்டின் வாகன உமிழ்வு வர்த்தகத் திட்டங்கள் ஆணை. இவற்றோடு இன்னும் மூன்று வேண்டும்: அந்த நிறுவனம் அந்த எல்லைக்குள் விற்பனைக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மின்காரும் சோதனையில் ஓடிய தூரம், முந்தைய ஆண்டுகளிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் கிரெடிட் (மின்கார் விற்றதற்கு விதி தரும் புள்ளி) இருப்பு. கடைசியாகச் சொன்னதைக் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறது. யார் யாரிடம் எத்தனை கிரெடிட் வாங்கினார்கள் என்பதும் அதில் இருக்கும். என்ன விலைக்கு என்பது இருக்காது.

எந்த இடம், எந்த ஆண்டு, யாருக்குப் பொருந்தும்

முதல் தவறு பெரும்பாலும் ஆண்டில்தான் நடக்கும். கலிஃபோர்னியாவின் விதி மாடல் ஆண்டை, அதாவது நிறுவனம் வண்டிக்குச் சூட்டும் ஆண்டைப் பார்க்கிறது. 2024 செப்டம்பரில் ஷோரூமில் நிற்கும் வண்டி 2025 மாடலாக இருக்கலாம். பிரிட்டன் காலண்டர் ஆண்டைப் பார்க்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை பதிவான வண்டிகள்தான் கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுக்கி ஒப்பிட்டால் எண்கள் பொருந்தாது.

அடுத்து எல்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வாகன உமிழ்வு விதி இயற்றும் உரிமையைக் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் விலக்காகத் தருகிறது. அதற்கும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும். அதே சட்டத்தின் 177-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு நியூயார்க், மாசசூசெட்ஸ், ஒரேகான், வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் கலிஃபோர்னிய விதியை ஒரு வரியும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு நிறுவனத்துக்கு ஒரே கணக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒன்று.

2026 முதலான விதிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அதற்கான அனுமதி 2024 டிசம்பரில் கிடைத்தது. 2025 ஜூன் 12 அன்று அந்த அனுமதியை ரத்து செய்யும் காங்கிரஸ் தீர்மானத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். அன்றே கலிஃபோர்னியாவும் மற்ற சில மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. எனவே 2026-க்கான எண்களை எடுத்தாளும்போது அந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சுமை கிடையாது. 2025 வரையிலான கலிஃபோர்னிய விதியில், மாநிலத்துக்குள் சராசரியாக 20,000 வண்டிகளுக்கு மேல் விற்பவர் பெரிய நிறுவனம். 4,501 முதல் 20,000 வரை இடைநிலை. இடைநிலை நிறுவனங்கள் முழுக் கடமையையும் ப்ளக்-இன் ஹைப்ரிட்களை (மின்னேற்றியும் ஓட்டலாம், எஞ்சினிலும் ஓடும் கார்கள்) கொண்டே தீர்த்துவிடலாம். அதற்கும் கீழே இருப்பவர்களுக்குக் கட்டாயமே இல்லை. பிரிட்டனில் ஆண்டுக்கு 2,500-க்கும் குறைவாக விற்கும் சிறு நிறுவனங்களுக்கு இந்தப் பத்தாண்டின் இறுதி வரை விலக்கு. ஒரே குழுமத்தின் கீழிருக்கும் பிராண்டுகளைத் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றும் சிறியது என்று தீர்மானித்துவிடாதீர்கள். உடைமை யாரிடம் என்று பார்த்துச் சேர்த்து எண்ண வேண்டும்.

அடி எண்

சதவீதம் என்றால் எதில் சதவீதம்? இந்த அடி எண்ணை இந்த ஆண்டு விற்பனை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2018–2025 கலிஃபோர்னிய விதி அப்படிச் சொல்லவில்லை. கணக்குப் போடும் ஆண்டுக்கு முந்தைய இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மாடல் ஆண்டுகளின் சராசரிதான் அடி எண். 2025-க்கு 2021, 2022, 2023.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் விற்க அனுப்பிய கார்களும் இலகு டிரக்குகளும் சேர்த்து 2021-இல் 90,000, 2022-இல் 1,00,000, 2023-இல் 1,10,000. சராசரி 1,00,000. 2025-இல் அது 1,40,000 வண்டி அனுப்பினாலும் கடமை ஒரு லட்சத்தின் மேல்தான். வளரும் நிறுவனத்துக்கு இது சலுகை. விற்பனை சரியும் நிறுவனத்துக்கோ இல்லாத விற்பனைக்கும் சேர்த்துச் சுமை. வரிசையாக நாலைந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த இழுவை கண்ணுக்குத் தெரியும்.

"விற்க அனுப்பிய" என்ற சொல்லையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்குப் போனது அல்ல, மாநிலத்துக்குள் விற்பனைக்கென்று அனுப்பியதுதான் அடி எண்ணில் சேரும். டீலர் முற்றத்தில் தூசி படிந்து நிற்கும் வண்டியும் அதில் உண்டு.

சதவீதத்தைக் கிரெடிட்டாக மாற்றுதல்

2018-இல் 4.5 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு இரண்டரை புள்ளி வீதம் ஏறி 2025-இல் 22 சதவீதம். இது கார்களின் சதவீதம் அல்ல, கிரெடிட்டின் சதவீதம். நம் நிறுவனத்துக்கு 2025-இல் வேண்டியது 22,000 கிரெடிட்.

இதற்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் 16 சதவீதத்தை, அதாவது 16,000 கிரெடிட்டை, பேட்டரி கார் அல்லது ஹைட்ரஜன் கார் வழியாகத்தான் தர வேண்டும். மீதி 6 சதவீதம் வரை ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு இடம் உண்டு. அதற்கு மேல் எத்தனை ஹைப்ரிட் விற்றாலும் அந்த ஆண்டின் சுவரைத் தாண்டாது.

ஒரு காருக்கு எத்தனை கிரெடிட்

விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பேட்டரி காருக்கான சூத்திரம்: சோதனைத் தூரத்தை மைலில் எடுத்து 0.01-ஆல் பெருக்கி 0.5 கூட்டுங்கள். 50 மைலுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. உச்சவரம்பு 4 கிரெடிட். 250 மைல் ஓடும் காருக்கு 3, 350 மைலுக்கு 4. அதற்கு மேல் 400 மைல் ஓடினாலும் அதே 4.

எந்த 350 மைல் என்பதுதான் கேள்வி. வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லேபிள் தூரம் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் தெருப் பயணத்தை மாதிரியாகக் கொண்டு அமைத்த நகர ஓட்டச் சோதனை ஒன்று உண்டு. காரை ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல் நிறுத்தி, 7.45 மைல் நீளமுள்ள ஓட்டத்தை, சராசரியாக மணிக்கு 19.6 மைல் வேகத்தில், ஏசி இல்லாமல், பேட்டரி தீரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உச்ச வேகமே மணிக்கு 57 மைலைத் தொடாது. மெதுவாகப் போய் நின்று நின்று கிளம்பும் ஓட்டம் மின்காருக்குப் பிடித்தமானது. பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். அதனால் இந்தச் சோதனையில் தூரம் தாராளமாக வரும். லேபிளில் போடும் எண், நகர, நெடுஞ்சாலைச் சோதனைகளைச் சேர்த்து, நடைமுறைக்கு ஏற்ப ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைத்த எண். ஆகவே லேபிளில் 240 மைல் அளவில் காட்டும் காரே நகரச் சோதனையில் 350-ஐத் தொட்டு முழு 4 கிரெடிட்டும் பெற்றுவிடும். லேபிள் எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் 2.9 தான் வரும். ஒரு காருக்கு ஒரு கிரெடிட்டுக்கும் மேல் பிழை. நாலாயிரம் காருக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு: மின்சாரத்தில் மட்டும் ஓடும் சமமான தூரத்தை 0.01-ஆல் பெருக்கி 0.3 கூட்டுங்கள். வேகமும் முடுக்கமும் கூடிய கடும் சோதனையிலும் எஞ்சின் எழும்பாமல் 10 மைல் ஓடினால் மேலும் 0.2. உச்சவரம்பு 1.1. 40 மைல் ஓடி அந்தக் கடும் சோதனையிலும் தேறிய வண்டிக்கு 0.9.

இப்போது நம் நிறுவனத்தைப் பொருத்திப் பாருங்கள். 4 கிரெடிட் கார்களை மட்டுமே விற்றால் 22,000-ஐ 4-ஆல் வகுக்க 5,500 கார். ஒரு லட்சத்தில் ஐந்தரை சதவீதம். ஹைப்ரிட்டையும் உச்சத்துக்குப் பயன்படுத்தினால் 6,000-ஐ 0.9-ஆல் வகுக்க 6,667 ஹைப்ரிட். சுவருக்கு உட்பட்ட 16,000-க்கு 4,000 பேட்டரி கார். முழு மின்கார் நூற்றுக்கு நான்கே.

அடிக்கடி நிகழும் தவறு ஒன்றை இதே நிறுவனத்தில் காட்டலாம். அது 3,000 பேட்டரி காரும் 9,000 ஹைப்ரிட்டும் விற்றது என்று கொள்வோம். பேட்டரியில் 12,000 கிரெடிட், ஹைப்ரிட்டில் 8,100. மொத்தம் 20,100, குறை 1,900 என்று எழுதினால் தவறு. ஹைப்ரிட்டில் 6,000 மட்டுமே இந்த ஆண்டுக்குச் செல்லும். மிச்சம் 2,100 இருப்பில் போய் உட்காரும். பேட்டரிப் பக்கம் வேண்டியது 16,000, கையில் 12,000. உண்மையான குறை 4,000. ஒரு கிரெடிட்டுக்கு 5,000 டாலர் என்ற அன்றைய அபராத விகிதத்தில் அது இரண்டு கோடி டாலர். பேட்டரி, ஹைப்ரிட் ஆகிய இரண்டு கணக்குகளையும் தனித்தனியே வைத்துக் கூட்டுவதுதான் சரியான பழக்கம்.

2026 விதி: சூத்திரம் போய் எண்ணிக்கை வந்தது

2022 ஆகஸ்டில் காற்று வள வாரியம் நிறைவேற்றிய புதிய விதியில் இந்தக் கிரெடிட் சூத்திரம் இல்லை. தகுதியுள்ள ஒரு கார், ஒரு மதிப்பு. 2026-இல் 35 சதவீதம், 2027-இல் 43, 2028-இல் 51, 2029-இல் 59, 2030-இல் 68. அப்படியே ஏறி 2035-இல் 100. எங்கள் பார்வையில் இதுதான் நேர்மையான வடிவம். படிப்பவருக்கும் புரியும், ஏமாற்றவும் இடம் குறைவு.

ஆனால் "தகுதியுள்ள" என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. கார் சோதனையில் குறைந்தது 200 மைல் ஓட வேண்டும். லேபிளில் சுமார் 150. வேகச் சார்ஜிங் வசதி வேண்டும். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் குறைந்தது 5.76 கிலோவாட். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம்; அந்தக் காலத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுவனம் பொறுப்பு, 2031 மாடலிலிருந்து 75 சதவீதம். இதை ஏன் போட்டார்கள் என்றால், பழைய மின்காரை இரண்டாம் கையாக வாங்குபவர்தான் பெரும்பாலும் வசதி குறைந்தவர். பேட்டரி செத்த வண்டியை அவர் தலையில் கட்டினால் காற்றும் சுத்தமாகாது, அவர் பணமும் போகும்.

சலுகைகளைக் கழிக்காமல் 35 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். அதே ஒரு லட்சம் வண்டி நிறுவனத்துக்குக் கடமை 35,000. இதில் ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 20 சதவீதம் வரை, அதாவது 7,000. பழைய கிரெடிட் இருப்பிலிருந்து ஆண்டுக்கு 15 சதவீதம் வரை, 5,250. வசதி குறைந்த மக்களுக்குக் கார் கிடைக்கச் செய்யும் திட்டங்களுக்கு 5 சதவீதம் வரை, 1,750. பிற மாநிலங்களில் மிஞ்சியதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு 2026-இல் 25 சதவீதம் வரை, 8,750. எல்லாவற்றையும் உச்சத்துக்கு இழுத்தால் 22,750 கழிந்து, 12,250 புதிய பேட்டரி அல்லது ஹைட்ரஜன் கார் மட்டும் மீதி. நூற்றுக்குப் பன்னிரண்டேகால். இது சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த எண். எல்லா வாசலும் ஒரே நிறுவனத்துக்குத் திறந்திருப்பது அரிது. பிற மாநிலத்தில் உண்மையிலேயே மிஞ்சியிருந்தால்தான் கொண்டுவர முடியும். இருப்பு இருந்தால்தான் எடுக்க முடியும். ஆகவே 35-க்கும் 12.25-க்கும் நடுவில் அந்த நிறுவனம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய இருப்பை மாற்றுவதில் ஒரு கண்ணி உண்டு. பேட்டரி கார் கிரெடிட்டை 4-ஆல் வகுக்க வேண்டும், ஹைப்ரிட் கிரெடிட்டை 1.1-ஆல். ஒரு நிறுவனத்திடம் 40,000 பழைய பேட்டரி கார் கிரெடிட் இருந்தால் புதிய கணக்கில் 10,000 மதிப்பு. வகுக்காமல் போட்டுவிட்டு "இந்தக் கம்பெனி இன்னும் பல வருடம் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று முடிவு கட்டினால் நாலு மடங்கு பிழை.

புதிய விதியில் அபராதம் குறையும் ஒவ்வொரு வண்டிக்கும் 20,000 டாலர். பழைய விதியின் 4 கிரெடிட்டை 5,000-ஆல் பெருக்கினாலும் அதே தொகைதான் வருகிறது. குறை விழுந்த உடனே அபராதம் பாய்ந்துவிடாது; அடுத்த மூன்று மாடல் ஆண்டுகளுக்குள் சரிக்கட்ட இடம் உண்டு.

பிரிட்டன்: அதே கணக்கு, தலைகீழாக

பிரிட்டனின் ஆணை 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கார்களுக்கு 2024-இல் 22 சதவீதம், 2025-இல் 28, 2026-இல் 33, 2027-இல் 38, 2028-இல் 52, 2029-இல் 66, 2030-இல் 80. வேன்களுக்குத் தனி ஏணி: 10-இல் தொடங்கி 2030-இல் 70. இங்கே ப்ளக்-இன் ஹைப்ரிட் பூஜ்ய உமிழ்வு வாகனமாக எண்ணப்படாது. தகுதி பெறும் கார் குறைந்தது 120 மைல் ஓட வேண்டும்.

சட்டத்தின் கட்டுமானம் வேறு. மின்கார் விற்றால் கிரெடிட் தருவதில்லை. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார் ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதி தேவை. அந்த அனுமதிகளை அரசு அளந்து கொடுக்கிறது. 2025-இல் 50,000 கார் பதிவு செய்த நிறுவனத்துக்கு 72 சதவீதம், அதாவது 36,000 அனுமதி. மின்காருக்கு அனுமதியே வேண்டாம். அது 6,000 மின்காரும் 44,000 மற்ற காரும் விற்றிருந்தால் 8,000 அனுமதி பற்றாக்குறை.

இந்த 8,000-ஐ எப்படி நிரப்புவது? முதல் வழி, மின்கார் அல்லாத கார்களின் கார்பன் உமிழ்வைத் தன் 2021 நிலையைவிடக் குறைத்திருந்தால், அந்த மிச்சத்தை ஆணை சொல்லும் விகிதப்படி அனுமதியாக மாற்றலாம். ஆணையின் முதல் வடிவில் 2024-இல் இலக்கின் 65 சதவீதம் வரை, 2025-இல் 45, 2026-இல் 25. நம் நிறுவனத்தின் இலக்கு 14,000 (50,000-இல் 28 சதவீதம்), உச்சவரம்பு 6,300. ஆனால் வரம்பு 6,300 என்பதற்காக அவ்வளவும் கிடைத்துவிடாது. 2,500 மட்டும் கிடைத்தது என்று கொள்வோம். மீதி 5,500.

இரண்டாவது வழி, எதிர்கால ஆண்டுகளின் அனுமதியைக் கடனாக எடுப்பது. ஆணையின் முதல் வடிவில் 2024-இல் இலக்கின் 75 சதவீதம் வரை, 2025-இல் 50, 2026-இல் 25. 14,000-இல் பாதி 7,000. ஆக 5,500 கடன் வாங்கலாம். வட்டி ஆண்டுக்கு 3.5 சதவீதம், கூட்டு வட்டி. ஓராண்டில் திருப்பினால் 5,693. இரண்டாண்டு கழித்து என்றால் 5,892. வட்டி சிறியதாகத் தோன்றும். அசல் விழும் இடத்தைப் பாருங்கள்: 2026-இல் அதே 50,000 கார் விற்றால் அந்த ஆண்டின் சொந்தக் கடமை 16,500. கடனையும் அதே ஆண்டில் கட்டினால் 22,193 மின்கார். 33 சதவீத ஆண்டில் 44 சதவீதம் விற்க வேண்டிவரும். 2026-க்குள் கட்டியாக வேண்டும் என்று முதலில் இருந்த கெடுவைத் தளர்த்துவதாக 2025 ஏப்ரலில் பிரிட்டன் அரசு அறிவித்ததற்குப் பின்னால் இந்த அழுத்தம் இருக்கிறது.

மூன்றாவது வழி, மிஞ்சியவரிடம் வாங்குவது. நான்காவது, அரசுக்குப் பணம் கட்டுவது. முதலில் ஒரு காருக்கு 15,000 பவுண்டு என்று வைத்தார்கள். அதே 2025 ஏப்ரல் அறிவிப்பில் 12,000 ஆகக் குறைத்தார்கள். 5,500 காருக்கு 8.25 கோடி பவுண்டு என்பது 6.6 கோடியானது. நாலாவது வழியின் விலைதான் மூன்றாவது வழியின் உச்ச விலை. அரசுக்கே 12,000-இல் தீர்ந்துபோகுமென்றால் போட்டியாளருக்கு 13,000 தருபவர் யாருமில்லை. அபராதம் குறையும்போது, மின்கார் மட்டுமே விற்கும் நிறுவனங்களின் வருமானமும் குறைகிறது என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

2024-இல் பிரிட்டனில் பதிவான 19,52,778 புதிய கார்களில் 3,81,970 மின்கார். 19.6 சதவீதம். இலக்கு 22. "இலக்கு தவறியது" என்று எழுதிவிட எளிது. மேலே பார்த்த முதல் இரண்டு வழிகளைக் கழித்துப் பார்க்காமல் அப்படி எழுத முடியாது. கலிஃபோர்னியாவில் 2024-இல் 25.3 சதவீதம் என்று அரசு சொன்ன எண்ணில் ப்ளக்-இன் ஹைப்ரிட்டும் அடக்கம். இந்த இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

விதி எங்கெல்லாம் ஒழுகியது

ஒழுகிய இடங்களைத் தெரிந்துகொண்டால், புதிதாக வரும் எந்த விதியிலும் எதைத் தேடுவது என்று தெரியும்.

1990-இல் வந்த முதல் விதி 1998-க்கு 2 சதவீதம், 2001-க்கு 5, 2003-க்கு 10 என்றது. 1996-இல் 2003-க்கு முந்தைய படிகள் அனைத்தும் கைவிடப்பட்டன. பத்துச் சதவீதமும் வழக்குகளுக்கும் 2003-இன் திருத்தத்துக்கும் நடுவே உருமாறிப்போனது. தொலைவில் இருக்கும் பெரிய எண்ணைவிட அடுத்த இரண்டு ஆண்டுகளின் சிறிய எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

இன்னொன்று பயணச் சலுகை. 2017 மாடல் வரை கலிஃபோர்னியாவில் விற்ற ஒரு பேட்டரி கார், விதியைப் பின்பற்றிய மற்ற மாநிலங்களின் கணக்கிலும் சேர்ந்தது. ஒரே கார், பல மாநிலங்களில் கிரெடிட். விளைவு, கலிஃபோர்னியாவிலும் ஒன்றிரண்டு மாநிலங்களிலும் மட்டும் கிடைக்கும், "கணக்குக்காகவே செய்த கார்கள்" பிறந்தன. ஃபியட் 500இ அப்படிப்பட்டது. அந்நிறுவனத்தின் அன்றைய தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே, ஒவ்வொரு காரிலும் 14,000 டாலர் நஷ்டம், தயவுசெய்து வாங்காதீர்கள் என்று 2014-இல் மேடையிலேயே சொன்னார். நியூயார்க்கில் இருந்தவருக்கு அந்தக் கார் கண்ணிலேயே படவில்லை, ஆனால் நியூயார்க்கின் கடமை காகிதத்தில் நிறைவேறியது. எந்த விதியைப் படித்தாலும் "ஓர் இடத்தில் விற்றது இன்னோர் இடத்தில் எண்ணப்படுமா" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, டெஸ்லாவின் ஆண்டறிக்கையில் ஒழுங்குமுறைக் கிரெடிட் வருமானம் என்ற பதிவு. 2024-இல் அது 276 கோடி டாலர். இதை எடுத்து "கலிஃபோர்னியக் கட்டாயத்தால் வந்த பணம்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பதிவில் அமெரிக்க மத்திய அரசின் எரிபொருள், உமிழ்வு விதிகளின் கீழ் விற்ற கிரெடிட்டும், ஐரோப்பாவில் மற்ற நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்ததில் வந்த பணமும் கலந்திருக்கின்றன. அந்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து ஒரு கிரெடிட்டின் விலையைக் கண்டுபிடிக்க முடியாது.

வேறு நாட்டுக்குக் கணக்கை மாற்றும்போது

முதலில் அது விற்பனைக் கட்டாயம்தானா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் வண்டிகளின் சராசரி கார்பன் உமிழ்வுக்குத்தான் கிராம் கணக்கில் வரம்பு வைக்கிறது. இத்தனை மின்கார் என்று சொல்வதில்லை. இந்தியாவின் கேஃபே விதியும் (ஒரு நிறுவனத்தின் வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு வைப்பது) அந்த ரகமே. சென்னைக்கு அருகே மின்கார் தயாராகிறது என்பதற்காக இங்கே விற்பனைக் கட்டாயம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். சீனாவின் இரட்டைக் கிரெடிட் முறையில் 2019-க்கு 10 சதவீதம், 2020-க்கு 12 என்பவை பழைய கலிஃபோர்னியாவைப் போல கிரெடிட் சதவீதங்கள். ஒரு காருக்குப் பல புள்ளி கிடைக்கும். கியூபெக்கின் விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் முதலாவது அதுதான். கலிஃபோர்னியாவைப் பார்த்து எழுதிய விதி என்பதால் மேலே சொன்ன வரிசையிலேயே படிக்கலாம்.

கணக்கை முடித்ததும் இரண்டு முறை மாற்றிப் போடுங்கள். ஒரு முறை எல்லாச் சலுகையும் உச்சத்தில், ஒரு முறை எந்தச் சலுகையும் இல்லாமல். இரண்டு விடைகளையும் சேர்த்தே வெளியிடுங்கள். காகிதத்தின் மேல் மூலையில் நீங்கள் பார்த்த விதி எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்று எழுதுங்கள். 2025 மார்ச்சில் போட்ட பிரிட்டன் கணக்கில் அபராதம் 15,000 என்று இருக்கும், மே மாதம் போட்டதில் 12,000 என்று இருக்கும். தேதி இல்லாவிட்டால் படிப்பவருக்கு இரண்டில் ஒன்று பிழையாகத்தான் தெரியும்.